விஜயலெட்சுமி வாங்கி வந்த ஜெக்

விஜயலெட்சுமியை லேசில் எதுவும் அசைத்துவிடாது என்றுதான் லயத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பதுளை ஆஸ்பத்திரியில், விபத்தில் அடிபட்டவர்களைப் போடுகிற வார்டில் சிற்றூழியராக அவள் வேலைக்குச் சேர்ந்து பல வருசமாகிவிட்டது. குளவி கொட்டி முகம் வீங்கிப்போய் மலையிலிருந்து தூக்கி வரப்படுகிறவர்கள், மரம் முறிந்து மேலே விழுந்தவர்கள், பசறை ரோட்டு வளைவில் வேனோடு உருண்டவர்கள் என்று அவள் கை படாத காயம் கிடையாது. தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு ஓடும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. கதறுகிற தாய்மாருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பாள். வேலை முடிந்து வந்ததும் கை கால் கழுவிவிட்டு வயிறாரச் சோறு சாப்பிடுவாள். கல்நெஞ்சுக்காரி என்று சிலர் சொல்வது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அதை ஒரு குறையாக அவள் எடுத்துக்கொண்டதில்லை.

வீடு ஹாலிஎலைக்கு மேலே, மலையை வெட்டிச் சமப்படுத்தி, ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிய லயத்தின் கடைசிக் காம்பரா. கடைசி என்பதால் பக்கத்தில் ஒரு கார் நிற்கிற அளவுக்கு மண் தரை கிடைத்திருந்தது. அவள் புருசன் நிமலன் முன்பு தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவன். அந்த வேலையை விட்டபிறகு ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி ஹயர் ஓட ஆரம்பித்தான். கல்யாண வீடு, கிளினிக் போகிற நோயாளி, ஹல்துமுல்லையில் ஒரு சாவு என்று யார் கூப்பிட்டாலும் போவான். கார் ஒரு வாரம் ஓடினால் மறு வாரம் எதையாவது கழற்றச் சொல்லும். கராஜுக்குக் கொண்டுபோனால் உழைத்ததெல்லாம் அங்கேயே தங்கிவிடும் என்று, எல்லா வேலையையும் வாசலிலேயே தானே பார்த்துக்கொள்வான்.

காரைத் தூக்குவதற்கு அவனிடம் இருந்தது டிக்கிக்குள் கிடக்கிற சின்ன ஜெக் ஒன்றுதான். கம்பியைச் சுற்றச் சுற்றக் கத்தரிக்கோல் போல விரிந்து ஒரு பக்கத்தை உயர்த்தும். ரோட்டில் காற்றுப் போனால் சில்லு மாற்றுவதற்கென்று செய்த சாமான் அது. அதற்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்துவிட்டு, சாக்கை விரித்து, நிமலன் காருக்கடியில் நுழைந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை என்றால் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அவனுடைய ரெண்டு காலும் லயத்துக்கே பழகிப்போன காட்சி. விஜயலெட்சுமி அதைத் தாண்டித்தான் அடுப்புக்கு விறகு எடுக்கப் போவாள், வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் நல்ல மழை. காலையில் வெயில் வந்ததும் நிமலன் முன் சில்லைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையில் இறங்கிவிட்டான். விஜயலெட்சுமி மலையிலிருந்து குழாய் வழியே விழுகிற பீலித் தண்ணீரில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. அரிசி மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிப் போட்ட மாதிரி.

திரும்பினாள். கார் ஒரு பக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. முழங்காலுக்குக் கீழே ரெண்டு கால் வெளியே தெரிந்தது. ஒன்றில் செருப்பு இருந்தது, மற்றதில் இல்லை. கால்கள் அசையவில்லை.

ஓடியிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். வார்டில் என்றால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியும். ஆனால் கையில் பிழிந்த சட்டையோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பாதத்தில் விழுவதை மட்டும் அவள் உணர்ந்தாள். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற தினேஸ், த்ரீவீல் ஓட்டுகிறவன், சத்தம் கேட்டு ஓடிவந்தான். அவன் போட்ட கூச்சலில் ஆம்பிளை ஆட்கள் நாலாபக்கமும் இருந்து பாய்ந்து வந்து, கையாலேயே காரின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். அவளைத் தாண்டித்தான் எல்லோரும் ஓடினார்கள். அவள் அசையவில்லை.

காருக்கடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மெதுவா, மெதுவா. காது மாட்டிக்கிட்டு இருக்கு."

இழுத்து வெளியே எடுத்தார்கள். காது மடலில் ஒரு கிழிசல், கன்னத்தில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எப்படித் தப்பினான் என்று குனிந்து பார்த்தபோது விளங்கியது. கழற்றிய சில்லு காருக்கடியில் படுத்துக் கிடந்தது. மழையில் ஊறிய மண்ணில் ஜெக் சாய்ந்து, கார் இறங்கி, அந்தச் சில்லின்மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. நெஞ்சுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு சாண் இடம் மிஞ்சியிருக்கிறது. யோசித்து வைத்தாயா என்று தினேஸ் கேட்டான். நிமலன் சிரித்தான். நடக்கிற வழியில் இடைஞ்சலாகக் கிடந்தது, காலால் உள்ளே தள்ளிவிட்டேன் என்றான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஆயுசு கெட்டி என்றார்கள். நிமலன் தேத்தண்ணி கேட்டான்.

விஜயலெட்சுமி தேத்தண்ணி ஊற்றினாள். சீனி போட மறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் அவளாக இல்லை. வார்டில் யாராவது ஒரு தட்டத்தைக் கை தவறிப் போட்டால் அவள் உடம்பு தூக்கிவாரிப்போட்டது. தள்ளுவண்டியில் போர்வைக்கு வெளியே யாருடைய காலாவது நீட்டிக்கொண்டிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே இருப்பாள். மகள் தயானி, பதுளையில் ஏ.எல். வகுப்புப் படிக்கிறவள், அம்மாவுக்கு என்ன என்று அப்பாவிடம் கேட்டாள். ஒன்றும் இல்லை, பயந்துட்டா, சரியாப் போயிடும் என்று நிமலன் சொன்னான். அவன் அந்தக் கதையை ஹயர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். காது மடலைத் தொட்டுக் காட்டுவான்.

அவளால் ரெண்டு விசயத்தை விழுங்க முடியவில்லை. ஒன்று, ஒரு மனுசனின் உயிர் ஒரு சில்லைக் காலால் தள்ளிய தள்ளலில் நின்றிருக்கிறது. மற்றது, அத்தனை பேரைத் தூக்கிய தன் கை, தன் புருசனைத் தூக்க வரவில்லை.

கொஞ்ச நாள் போனது. ஒரு மத்தியானம் வேலை முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் ஏறி வந்தவள், லயத்தின் கோடியில் நின்றாள். கார் தூக்கியிருந்தது. அதே ஜெக். அதே பலகைத் துண்டு. அதே ரெண்டு கால் வெளியே. உள்ளேயிருந்து ரேடியோப் பாட்டோடு சேர்ந்து முணுமுணுக்கிற சத்தம்.

இந்தத் தடவை அவள் உறைந்துபோகவில்லை. கத்தவும் இல்லை. கத்தினால் அவன் திடுக்கிட்டுக் கைகாலை உதறி, எதிலாவது பட்டுவிடுமோ என்று பயந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, காருக்குக் கிட்டவும் போகாமல், படியில் உட்கார்ந்து அவன் தானாக வெளியே வரும்வரை அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வந்தான். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, எப்ப வந்த என்று கேட்டான். அவன் சில்லைப் பூட்டி, காரை இறக்கும்வரை அவள் படியிலேயே இருந்தாள். இறக்கியதும் எழுந்து போய், ஜெக்கைத் தூக்கிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கி, பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே வீசினாள். அது பாறையில் பட்டுப் பட்டு உருண்டு ஓடையில் விழுகிற சத்தம் லயம் முழுக்கக் கேட்டது.

நிமலன் அவள் பின்னாலேயே ஓடிவந்தான். இத்தனை வருசத்தில் அவள் ஒரு கோப்பையைக்கூட எறிந்ததில்லை.

"நீங்க செத்துக் கெடந்ததை நான் ஒரு தடவ பாத்துட்டேன்," என்றாள். "சாகல, அது எனக்கும் தெரியும். ஆனா நான் பாத்தது பாத்ததுதான். இன்னொரு தடவ என்னால பாக்க ஏலாது."

ஜெக் இல்லாமல் எப்படிப் பிழைக்கிறது என்று அவன் கேட்டான். அந்த ஜெக்தான் சின்னது, கெட்டியான ஒரு ட்ரொலி ஜெக் இருந்தால் ஆபத்தே கிடையாது, கையில் காசு சேர்ந்ததும் வாங்கிவிடுகிறேன் என்றான். கராஜில் இருப்பது போல, சின்னச் சில்லுகளில் உருண்டு காருக்கடியில் போய், நீளக் கைப்பிடியை அடிக்க அடிக்கத் தூக்குகிற சாமான் அது. அதை நான் வாங்குகிறேன் என்று அவள் சொன்னாள். அவன் அதை நம்பவில்லை.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் அவள் டவுனுக்குள் நடந்து, ஒரு மோட்டார் பார்ட்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் வாஹித் நடுத்தர வயசுக்காரர். யாருக்கோ வாங்கிப்போக வந்திருக்கிறாள் என்று நினைத்து, எந்த ஜெக் என்று எழுதித் தந்தார்களா என்று கேட்டார். எழுதித் தரவில்லை, நான்தான் பார்த்து எடுக்கப்போகிறேன் என்றாள். அவர் நாலைந்தை இழுத்து முன்னால் வைத்தார். சூட்கேஸ் மாதிரிப் பெட்டியில் வருகிற சின்னது ஒன்று. தாழ்வாகவும் நீளமாகவும், லேசான உலோகத்தில் பளபளவென்று ஒன்று. லொறியைக்கூடத் தூக்கும் என்று சொல்லுகிற பெரிய கறுப்புச் சாமான் ஒன்று. அவள் கை நேராகப் பெரியதற்குத்தான் போனது. பெரிசாக இருந்தால் விழாது என்று அவள் நினைத்திருந்தாள்.

எந்த இடத்தில் வைத்துத் தூக்கப்போகிறீர்கள் என்று வாஹித் கேட்டார். வாசலில், மண் தரையில் என்றாள். அவர் தலையை ஆட்டினார். ட்ரொலி ஜெக் காரைத் தூக்கும்போது தானும் கொஞ்சம் உருண்டு நகர வேண்டும், மண்ணில் சில்லு புதைந்தால் நகராது, நகராவிட்டால் இழுத்துச் சாய்த்துவிடும் என்று விளக்கினார். பெரிய சாமான் என்றால் இன்னும் சீக்கிரம் புதையும். எதை எடுத்தாலும் அடியில் சீமெந்துத் தளம் வேண்டும் என்றார்.

பிறகு நடுத்தரமான ஒரு ஜெக்கைக் கடை வாசலில் நின்ற தன் வேனுக்கடியில் உருட்டிவிட்டுக் கைப்பிடியை அடித்தார். வேனின் முன்பக்கம் ஒரு சிரமமும் இல்லாமல் எழும்பியது. விஜயலெட்சுமி சுற்றி வந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள். அப்புறம்தான் கேட்க வந்ததைக் கேட்டாள். இப்போது இதற்கு அடியில் ஒரு ஆள் போய்ப் படுக்கலாமா?

வாஹித் கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஒரு திருகு திருகினார். உஸ்ஸென்று வேன் தரைக்கு வந்துவிட்டது. அவள் ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"உள்ளுக்கு ஒயில் இருக்கு, அதைப் புடிச்சு வைக்க ஒரு ரப்பர் வாசர் இருக்கு. அவ்வளவுதான் தங்கச்சி," என்றார். "அந்த வாசர் போனா, இப்ப நான் செஞ்சதை அது தானாச் செய்யும்."

"அந்தப் பெரிய ஜெக்கும் இப்படித்தானா?"

"அதுவும்தான். ஜெக் தூக்கத்தான். தாங்குறதுக்கு இல்ல."

விஜயலெட்சுமி அங்கே கிடந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவர் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். இதுவரை அவள் அந்தச் சின்ன ஜெக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். மழையைத் திட்டிக்கொண்டிருந்தாள். நல்ல ஜெக் ஒன்று வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துத்தான் இங்கே வந்தாள். ஆனால் எந்த ஜெக்கும் விழும் என்றால், அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவன் சாவுக்கு அடியில்தான் படுத்திருக்கிறான்.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. தயானி நடை பழகிய வயசு. அப்பா காருக்கடியில் இருந்தால் அவளும் தவழ்ந்து உள்ளே போய்விடுவாள். பொம்மையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்பா பக்கத்திலேயே மல்லாந்து படுத்திருப்பாள். அதைப் பார்த்து விஜயலெட்சுமி சிரித்திருக்கிறாள். போதாததற்கு, சாப்பாடு ஆறுது, போய் அப்பாவக் கூட்டிக்கிட்டு வா என்று அந்தப் பிள்ளையை அவளே அனுப்பியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. அந்த வெயிலில், ரோட்டோரத்தில், நடக்காமல் போன ஒரு சாவுக்காக அவளுக்கு உள்ளங்கை ரெண்டும் குளிர்ந்து வியர்த்தது.

தாங்குவதற்கு என்ன வேண்டும் என்று ஒருவழியாகக் கேட்டாள். வாஹித் ஒரு சோடி இரும்பு ஸ்டாண்டைக் கொண்டுவந்து வைத்தார். நாலு காலை அகட்டிக்கொண்டு ஸ்டூலைப் போல நின்றன. நடுவிலிருக்கிற தண்டை வேண்டிய உயரத்துக்கு இழுத்து, துளையில் ஒரு முளையைச் செருகிவிட்டால் அதற்குமேல் இறங்காது. ஒயிலும் இல்லை, வாசரும் இல்லை, வெறும் இரும்பு. ஜெக்கால் தூக்கி, இதன்மேல் காரை உட்காரவைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆள் உள்ளே போக வேண்டும் என்றார். அவள் முளையை நாலைந்து தடவை செருகி, உருவி, மறுபடியும் செருகிப் பார்த்தாள்.

பிறகு ஜெக்கைத் தேர்ந்தாள். பெரியதை விட்டுவிட்டாள். பளபளப்பானதையும் விட்டாள். மேட்டில் தானே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், சில்லு அகலமாக இருக்க வேண்டும், இறக்கும்போது வெடுக்கென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டும், இவைதான் அவள் கணக்கு. நடுத்தரமானதையே எடுப்பது என்று முடிவாயிற்று. வாஹித் பெட்டியை உடைத்துப் புதியது ஒன்றை எடுத்துக் கட்டப்போனார். அவள் தடுத்தாள். இதையும் வேனுக்கடியில் வைத்துத் தூக்கிவிடுங்கள், நான் கடைத்தெருவில் கொஞ்சம் வேலை முடித்துவிட்டு வருகிறேன், அதுவரை அப்படியே நிற்கட்டும் என்றாள். புதுச் சாமானுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று அவர் சிரித்தார். ஆனாலும் செய்தார். பம்பருக்கு நேரே சுவரில் அவள் கரித்துண்டால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது பம்பர் கோட்டுக்கு ரெண்டு விரல்கடை கீழே நின்றது. வாஹித் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜெக்கைத் தானே இழுத்து எடுத்து, தடவிப் பார்த்து, விரலில் ஒட்டிய ஒயிலை அவளிடம் காட்டினார். இதே சரக்கில் வந்த ரெண்டு ஜெக்கை அந்த வாரத்தில்தான் விற்றிருந்தாராம். யாருக்கு விற்றார் என்று நினைவிருப்பதாகச் சொல்லி, அவள் கண் முன்னாலேயே ஒருவருக்கு டெலிபோன் எடுத்தார். பிறகு வேறொரு புது ஜெக்கை வைத்து வேனைத் தூக்கி நிறுத்தினார். அவள் இந்தத் தடவை எங்கும் போகவில்லை. டயர்மேல் உட்கார்ந்து, கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பம்பர் இறங்கவில்லை.

ஹாலிஎலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தினேஸுக்குச் சொல்லி, ஜெக்கையும் ஸ்டாண்டுகளையும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போனாள். நிமலன் ஜெக்கைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. இதில் உனக்கு என்ன தெரியும், என்னைக் கேட்காமல் எப்படி வாங்குவாய் என்றான். ஸ்டாண்டுகளைக் காலால் தட்டி, இது எதற்கு, கராஜ் நடத்தப்போகிறாயா என்று கேட்டான். அவள் வாதாடவில்லை. அடியில் சீமெந்துத் தளம் வேணுமாம் என்று மட்டும் சொல்லி, எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவன் காரைத் தொடவே இல்லை. சின்ன வேலைக்கெல்லாம் வீம்புக்குக் கராஜுக்குக் கொண்டுபோனான். வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு.

ஒரு நாள் அவள் வந்தபோது வாசலில் சீமெந்து மணம். கார் நிற்கிற இடத்தில் மண்ணைத் தோண்டி, கல் அடுக்கி, நிமலன் தளம் போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்காமல், ஈரம் காயும்வரைக்கும் மிதிச்சிடாத என்று மட்டும் சொன்னான்.

தளம் காய்ந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கடியிலிருந்து சாமான் வெளியே வந்தது. அவன் தூக்கினான். ஸ்டாண்ட் ரெண்டையும் வைத்தான். முளையை அவள் செருகினாள். காரை அதன்மேல் இறக்கியபிறகு, அவள் காரின் ஓரத்தில் ரெண்டு கையையும் வைத்துப் பலங்கொண்டமட்டும் குலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. அப்பவும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் சாக்கை விரித்தான். அவள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க. மொதல்ல நான் போறேன்."

அவன் தடுப்பதற்குள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்து, குதிகாலால் உந்தி உள்ளே போய்விட்டாள். உள்ளே இருட்டாக இருந்தது. பழைய ஒயில் வாடை. முகத்துக்கு நேரே மண்ணும் கிரீசும் அப்பிய இரும்பு, அவள் மூச்சே திரும்பி வந்து முகத்தில் படுகிற தூரத்தில். இதற்கு அடியிலா என் பிள்ளை பொம்மையோடு படுத்திருந்தாள் என்று நினைத்ததும், அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வராத அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள். கண்ணீர் ரெண்டு பக்கமும் காதுக்குள் வடிந்தது. அவள் அசையவில்லை.

வெளியே நிமலன் சாக்கு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது காரும், அதற்கு வெளியே முழங்காலுக்குக் கீழே ரெண்டு காலும். கொலுசு போட்ட கால். அசையாத கால். விஜி என்று கூப்பிட்டான். பதில் இல்லை. அவன் முகம் வெளுத்துப்போனதை வாசலில் நின்ற தயானி பார்த்தாள். மறு நிமிசம் அவன் முழங்காலில் விழுந்து, அவள் கணுக்கால் ரெண்டையும் பிடித்து, ஒரே இழுப்பில் வெளியே இழுத்துவிட்டான். அவள் முதுகு சிராய்த்துவிட்டது.

"போதும். போதும். வெளிய வா," என்றான். வெளியே வந்தபிறகும் அதையே சொன்னான். கணுக்காலை விடவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் காதுக் கதையை நிமலன் எங்கும் சிரிப்பாகச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். வேலை அவன் செய்கிறான். முளை செருகுவதும் குலுக்கிப் பார்ப்பதும் அவள். அவள் வேலைக்குப் போன நாளில் தயானி குலுக்குகிறாள். ஜெக் இரவல் கேட்டு மேல் லயத்திலிருந்தும் ஆள் வருகிறார்கள். ஜெக் மட்டும் தரமாட்டாள். ஸ்டாண்டோடு சேர்த்துத்தான் தருவாள். சும்மா சில்லு மாற்றத்தானே அக்கா என்று தினேஸ் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். அவள் ஸ்டாண்ட் ரெண்டையும் அவன் த்ரீவீலில் தூக்கி வைத்துவிட்டு, உள்ளே போய்விட்டாள்.

தட்டம் விழுகிற சத்தத்துக்கு அவள் இப்போதும் திடுக்கிடுகிறாள். வார்டில் அதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். கல்நெஞ்சுக்காரி என்று இப்போது யாரும் சொல்வதில்லை.